கதவுக்கு வெளியே நின்ற கேமரா

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நேற்று ராத்திரி போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீ சவுண்ட் பார்க்கிற அந்த ரௌடித் தொடரில் ஒவ்வொரு வெட்டுக்கும் சத்தம் பத்தவில்லை, இன்னும் சதக்கென்று கேட்கணும் என்று இயக்குநர் திரும்பத் திரும்பக் கேட்கிறார். ஒரு கொலையையாவது கண்ணில் காட்டாமல் காதுக்கு மட்டும் கொடுக்கலாமே என்று நீ சொன்னதற்கு அறையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். இதைச் சொல்லும்போது உன் குரல் இறங்கிவிட்டது. நீ சொன்னது சரிதான் கண்ணு. அது புது யோசனைகூட இல்லை. பேசும்படம் வந்து நாலு வருஷம் ஆவதற்குள்ளேயே ஒருத்தர் அதைச் செய்து காட்டியிருக்கிறார்.

நீ போன தடவை வந்தபோது லேப்டாப்பில் ஏற்றிவைத்துவிட்டுப் போன பழைய படங்களில் 'தி பப்ளிக் எனிமி' என்று ஒன்று இருக்கிறது. 1931 ஏப்ரலில் வந்தது. வார்னர் பிரதர்ஸ் தயாரிப்பு, வில்லியம் வெல்மன் இயக்கம், ஜேம்ஸ் காக்னி நாயகன். அதே வருஷம் அக்டோபர் கடைசியில்தான் சென்னையில் நம் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' திரைக்கு வந்தது என்பதை நினைத்துப் பார். சத்தத்தை வைத்து என்ன செய்யலாம் என்று உலகமே தடவிக்கொண்டிருந்த நேரம் அது.

கதை சிகாகோவில் நடக்கிறது. டாம், மாட் என்று இரண்டு பையன்கள். சில்லறைத் திருட்டில் ஆரம்பித்துக் கள்ளச்சாராயக் கும்பலில் போய்ச் சேர்கிறார்கள். 1909, 1915, 1917, 1920 என்று வருஷத்தைப் போட்டுப் போட்டுக் கதை நகரும். 1920 ஜனவரியில் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு வந்தது. குடிப்பது குற்றமில்லை, காய்ச்சுவதும் விற்பதும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதும்தான் குற்றம். குடிக்க ஆள் இருக்கிறான், விற்கத்தான் தடை என்றால் நடுவில் யார் வந்து நிற்பான்? அதுதான் இந்தப் படம். சட்டம் அமலுக்கு வரும் முந்தின ராத்திரிக் காட்சி ஒன்று இருக்கிறது, தவறவிடாதே. இருக்கிற சரக்கையெல்லாம் நள்ளிரவுக்குள் விற்றாக வேண்டும் என்று கடையில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். ஊரே அள்ளிக்கொண்டு போகிறது. குழந்தையைக் கையில் தூக்கிக்கொண்டு, அதன் தள்ளுவண்டி நிறைய பாட்டிலை வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். பூக்கடை வண்டிக்காரர் பூவையெல்லாம் ரோட்டில் கொட்டிவிட்டுச் சாராயத்தை ஏற்றுகிறார். ஒரு வசனம் கிடையாது. ஆனால் அடுத்த பதின்மூன்று வருஷம் என்ன நடக்கப்போகிறது என்பது அந்த ஒரு தெருவிலேயே தெரிந்துவிடுகிறது.

படம் வந்தபோது அந்தச் சட்டம் அமலில்தான் இருந்தது. 1933 டிசம்பரில்தான் நீக்கினார்கள். சிகாகோ கள்ளச்சாராயக் கும்பலின் தலைவன் அல் கபோன்கூடப் படம் வந்தபோது வெளியேதான் இருந்தான். வருமான வரி வழக்கில் அவனுக்கு 11 வருஷத் தண்டனை கிடைத்தது 1931 அக்டோபரில். பழங்கதையாக எடுத்த படம் இல்லை, அன்றைக்குச் சூடாக நடந்துகொண்டிருந்ததை எடுத்த படம். அதனால்தான் பெட்ரோல் லாரி வேஷத்தில் வண்டியைக் கொண்டுபோய் அரசாங்கக் கிடங்கிலிருந்து சாராயத்தைக் குழாய் போட்டு உறிஞ்சுவது, எங்கள் பீரைத்தான் வாங்கணும் என்று பார் நடத்துகிறவரை அடித்து மிரட்டுவது எல்லாம் அத்தனை சாதாரணமாக வந்துபோகிறது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். தியேட்டரில் படம் ஓட்டும் ஆபரேட்டர் வேலையில் படத்தைப் பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம், உனக்குத் தெரியும். சின்ன ஓட்டை வழியாகத்தான் திரை தெரியும். புரொஜெக்டர் விளக்கின் கார்பன் குச்சியைச் சரிபண்ணி, அடுத்த ரீலை மாட்டுகிற நேரத்தில் கேபினில் இருக்கும் ஸ்பீக்கர்தான் எங்களுக்குப் படம். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், இந்தப் படத்தின் முக்கியமான சாவுகள் பெரும்பாலும் காதில்தான் நடக்கின்றன.

பட்டி நோஸ் என்று ஒருவன். சின்ன வயதில் இந்தப் பையன்களுக்குத் திருட்டுப் பழக்கிவிட்டு, போலீஸ் வந்ததும் கைவிட்டு ஓடிப்போனவன். வருஷம் கழித்து டாமிடம் மாட்டிக்கொள்கிறான். பழசை நினைவுபடுத்தினால் மனம் இளகும் என்று பியானோவில் உட்கார்ந்து, அவர்களுக்கு அந்தக் காலத்தில் பாடிக்காட்டிய பாட்டையே பாடுகிறான். பின்னால் டாம் துப்பாக்கியை எடுக்கிறான். அந்த இடத்தில் கேமரா மெல்ல நகர்ந்து, வாசல் பக்கம் நிற்கும் நண்பன் மாட் முகத்துக்குப் போய்விடுகிறது. பாட்டு பாதியில் அறுகிறது. வெடி. பியானோக் கட்டைகள் மேல் உடம்பு சாயும் அந்தக் கலைந்த சத்தம். பிறகு தரையில் விழும் சத்தம். நாம் பார்ப்பது நண்பன் மாட் கண்ணை மட்டும்தான். டாம் அவனைக் கடந்து, ஒரு பெண்ணுக்கு போன் பண்ணணும் என்று சொல்லிக்கொண்டே வெளியே போகிறான். எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. ரத்தம் ஒரு சொட்டுக்கூடக் காட்டவில்லை அவர்கள்.

இன்னொரு இடம். எதிர்க் கும்பல் எதிர்வீட்டு ஜன்னலில் மெஷின் கன் வைத்துக் காத்திருக்கிறது. நமக்குத் தெரியும், டாம், மாட் இருவருக்கும் தெரியாது. இரண்டு பேரும் தெருவில் இறங்குகிறார்கள். திடீரென்று சடசடவென்று ஒரு சத்தம், துள்ளிப் பதறுகிறார்கள். பார்த்தால் லாரியிலிருந்து நிலக்கரி கொட்டுகிறார்கள். சிரித்துக்கொண்டே நாலு அடி வைக்கிறார்கள், அப்போது நிஜத் துப்பாக்கி வெடிக்கிறது. பொய்ச் சத்தத்தை முதலில் கொடுத்து, நம்மையும் மூச்சு விடவைத்து, அப்புறம் நிஜத்தைக் கொடுக்கிறார் வெல்மன். இந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேள். டாமாக நடித்த காக்னி ஒதுங்கி நிற்கும் சுவரைத் துளைத்தது நிஜத் தோட்டா. அந்தக் காலத்தில் குறி தப்பாத ஆளை வைத்து நிஜமாகவே சுடுவார்களாம். அதை மட்டும் என்னால் ஏற்கவே முடியவில்லை. ஒரு காட்சிக்காக ஒருத்தர் உயிரைப் பணயம் வைக்கக் கூடாது.

அப்புறம் அந்த மழைக் காட்சி. அந்தத் துப்பாக்கிச் சூட்டில் மாட் செத்தபின் டாம் தனியாகப் பழிவாங்கப் போகிறான். கொட்டும் மழை. இரண்டு பையிலும் துப்பாக்கியுடன், முகத்தில் ஒரு சிரிப்போடு நம்மை நோக்கி நடந்துவந்து எதிரிகள் இருக்கும் கட்டடத்துக்குள் நுழைகிறான். கேமரா கூடப் போகவில்லை. தெருவிலேயே மழையில் நிற்கிறது. உள்ளே சரமாரியாக வெடிச் சத்தம், யாரோ அலறும் சத்தம், அதற்கு மேல் மழைச் சத்தம். எத்தனை பேர், யார் யாரைச் சுட்டார்கள், ஒன்றும் தெரியாது. தள்ளாடி வெளியே வந்து, துப்பாக்கிகளைக் கண்ணாடி ஜன்னலில் எறிந்துவிட்டு, நடைபாதையோரம் ஓடும் தண்ணீரில் விழுகிறான். நான் ஒன்றும் அவ்வளவு பெரிய ஆள் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். உள்ளே போய்ப் படம் பிடித்திருந்தால் அது வெறும் சண்டைக் காட்சி. வெளியே நின்றதால் அவன் மிடுக்கெல்லாம் எங்கே போயிற்று என்பது நமக்குத் தெரிகிறது.

இதற்கெல்லாம் பின்னணி இசை கிடையாது. அந்தந்த இடத்தில் யாராவது வாசித்தால் பாட்டு, இல்லையென்றால் இல்லை. வயலினை இழுத்துவிட்டுப் பார்ப்பவனைப் பயப்படு, அழு என்று யாரும் சொல்வதில்லை.

கடைசிக் காட்சியை எழுதிக் கெடுக்கலாமா என்று யோசித்தேன். ஆனாலும் நீ சவுண்ட்காரி, உனக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆஸ்பத்திரியில் கிடந்த டாமை எதிரிகள் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். வீட்டுக்கு போன் வருகிறது, அவன் வருகிறான் என்று. கூடத்தில் இசைத்தட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, சோப்புக் குமிழி விடுவதைப் பற்றிய லேசான பாட்டு. அம்மா மாடியில் முணுமுணுத்துப் பாடிக்கொண்டே மகனுக்குப் படுக்கை விரிக்கிறாள். கதவு தட்டும் சத்தம். அண்ணன் மைக் திறக்கிறான். தலையெல்லாம் கட்டுப்போட்டு, கம்பளியில் சுற்றிக் கயிற்றால் கட்டிய பிணம் நின்றபடியே சாய்ந்து முகம் குப்புற விழுகிறது. பாட்டு நிற்கவில்லை. அதுபாட்டுக்கு ஓடி முடிகிறது, ஊசி வெறும் தட்டில் உரசிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தாய்க்கு இன்னும் தெரியாது. பிள்ளையைத் தூரத்தில் வைத்திருக்கிற எனக்கு அந்த முணுமுணுப்பைத் தாங்க முடியவில்லை.

காக்னி முதலில் மாட் வேஷத்துக்குத்தான் வந்தார் என்பது உனக்குப் பிடிக்கும். டாமாக நடிக்கவிருந்தவர் எட்வர்ட் வுட்ஸ். படப்பிடிப்பு தொடங்கியபின் இருவரையும் மாற்றிவிட்டார்கள். பட்டாசு மாதிரிப் பொரிகிற காக்னியின் பேச்சைக் கேட்டால் ஏன் என்று புரியும். ஆனால் சின்ன வயதுக் காட்சிகளை மறுபடி எடுக்கவில்லை, அதனால் குட்டி டாம் வுட்ஸ் சாயலில் இருப்பான். காலை உணவு மேசையில் டாம் தன் காதலி முகத்தில் கிரேப்ஃப்ரூட் பழத்தை அழுத்துகிற காட்சியைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது நீ செய்ய வேண்டியது. எல்லோர் முன்னாலும் வாதாடாதே. மழைக் காட்சியையும் பியானோக் காட்சியையும் தனியாக வெட்டி வைத்துக்கொள். இயக்குநர் தனியாக இருக்கும் நேரம் பார்த்து, நல்ல ஸ்பீக்கரில் போட்டுக் காட்டு. தொடரில் ஒரே ஒரு கொலையை மட்டும் இப்படிச் செய்து தருகிறேன், பிடிக்கவில்லையென்றால் பழையபடியே வைத்துக்கொள்ளுங்கள் என்று கேள். அவர் மறுத்தாலும் நீ செய்துபார்த்து உன்னிடம் வைத்துக்கொள், எனக்கும் அனுப்பு. நான் ஹெட்போனில் கேட்டுவிட்டு மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

காது இரைகிறது என்றாயே, டாக்டரிடம் போனாயா? தள்ளிப்போடாதே, உன் பிழைப்பே அதில்தான் இருக்கிறது. அம்மா எள்ளுருண்டை பிடித்து வைத்திருக்கிறாள், திங்கட்கிழமை பார்சல் போடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, அதற்குள் படத்தைப் பார்த்துவிடு.

அன்புடன்,
அப்பா