டர்போ பூட்ட ரோட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டிலேயே சிறு விமானம் கட்டுவோர் பற்றிக் கடந்த ஞாயிறு தங்கள் வாரமலரில் வெளிவந்த கட்டுரையை இருமுறை வாசித்தேன். இப்படியொரு விடயம் தமிழில் எழுதப்படுவது அரிது என்பதால் கட்டுரையாளருக்கு என் நன்றி. ஆயினும், மஸ்டா 13பி ரோட்டரி எஞ்சினுக்கு டர்போ பூட்டுபவர் நெருக்கல் விகிதம் 8.5 ஆன பழைய ரோட்டர்களைக் கட்டாயம் தேடிப் பிடிக்க வேண்டும் என்றும், அதன்பின் பூஸ்ட்டை விரும்பிய அளவு ஏற்றலாம் என்றும் அவர் எழுதியிருப்பதை, டுபாயில் ஒரு கராஜில் 19 வருடம் இந்த எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டியவன் என்ற முறையில் என்னால் ஏற்க முடியவில்லை. புதியவர்களுக்காக ஒரு வரி: ரோட்டரி எஞ்சினில் பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர் சுழலும்; டர்போ என்பது புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை நெருக்கி ஊட்டும் கருவி; அப்படி ஏறும் கூடுதல் அமுக்கமே பூஸ்ட்; உள்ளே வந்த காற்றை ரோட்டர் எத்தனை மடங்கு சிறிய இடத்துக்குள் நெருக்குகிறது என்பதே நெருக்கல் விகிதம். கட்டுரையோடு அச்சான படமும் தவறு. அது முதலாம் உலகப் போர்க்காலத்து விமான எஞ்சின். அதில் சிலிண்டர்கள் எல்லாம் சேர்ந்தே சுழலும். மஸ்டாவினது போன்ற வாங்கல் (Wankel) வகை ரோட்டரிக்கும் அதற்கும் பெயர் மட்டுமே பொது.

13பியின் டர்போ வடிவம் 1980களின் நடுப்பகுதியில் 8.5 விகிதத்தோடுதான் வந்தது, உண்மை. ஆனால் 1989இல் மஸ்டாவே அதை 9.0க்கு உயர்த்தி, இரட்டை டர்போ பூட்டிய கடைசி ஆர்எக்ஸ்-7 காரின் உற்பத்தி 2002இல் நிற்கும்வரை அதிலேயே வைத்திருந்தது. அதே 1980களில் டர்போ இல்லாத 13பிக்கு முதலில் 9.4, பிறகு 9.7. எஞ்சினின் வலுவைக் கூட்டிக்கொண்டே போன காலத்தில் செய்தவர்களே விகிதத்தை இறக்காமல் ஏற்றினார்கள் என்பதைக் கட்டுரையாளர் கவனிக்கவில்லை.

விகிதத்தை இறக்குவதன் நோக்கம், பொறிக்கு முன்னரே காற்று அதிகம் சூடாகாமல் காப்பது. அந்தக் கணக்கையும் பார்ப்போம். திருகோணமலைச் சீனக்குடா விமான ஓடுபாதையில் காற்று 32 பாகை செல்சியஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கச்சான் என்ற வறண்ட மேல்காற்று வீசும் மாதங்களில் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். 70 சதவீதத் திறனுள்ள ஒரு டர்போ அதை வளிமண்டல அமுக்கத்தின் ஒன்றரை மடங்குக்கு, அதாவது சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் பூஸ்ட் அளவுக்கு நெருக்கினால், வெளிவரும் காற்று 86 பாகையில் இருக்கும். அது 9.7 ரோட்டருக்குள் மறுபடி நெருக்கப்படும்போது, வெப்ப இழப்பைச் சேர்க்காத பாடப்புத்தகச் சமன்பாட்டின்படி, பிளக் பொறி தட்டுவதற்கு முன்னரே 617 பாகையைத் தொடும். 8.5 ரோட்டர் என்றால் 571. ரோட்டரை மாற்றியதால் கிடைத்தது 46 பாகை. இனி, 9.7 ரோட்டரைத் தொடாமல் விட்டுவிட்டு, டர்போவுக்கும் எஞ்சினுக்கும் இடையில் காற்றைக் குளிர்விக்கும் நல்லதோர் இன்டர்கூலரை வைத்து 86 பாகைக் காற்றை 50க்கு இறக்கினால், பொறிக்கு முந்திய வெப்பநிலை 529. குறைந்தது 88 பாகை, ஏறக்குறைய இரு மடங்கு. இதற்கு எஞ்சினைத் திறக்கவும் தேவையில்லை. 8.5க்கு இறங்கினால், அதே பாடப்புத்தகக் கணக்கின்படி, 100 லீற்றர் எரிந்த இடத்தில் 104 லீற்றர் எரியும். டர்போ பழுதானால் ஏற்கெனவே குறைந்த வலு இன்னும் சற்றுக் குறையும்.

இந்த வெப்பநிலையைப் பற்றி நான் இவ்வளவு கவலைப்படுவதற்குக் காரணம் என் மேசையில் கிடக்கிறது. ரோட்டரின் ஒவ்வொரு முனையிலும் 80 மில்லிமீற்றர் நீளமும் 2 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள, வாயு கசியாமல் அடைக்கும் ஓர் ஏபெக்ஸ் சீல் இருக்கும். டுபாயில் எஞ்சின் ஒன்றைத் திறந்தபோது அந்தச் சீல்களில் ஒன்று மூன்று துண்டாகிக் கிடந்தது. நான் எடுத்துவந்தது அதன் நடுத்துண்டு, முறிந்த இடம் சீனி போலப் பொருபொருவென்றிருக்கும். மூலைத்துண்டு புகைவாசல் வழியே போய் டர்போவின் விசிறியில் அடித்திருந்ததால், அதன் இதழ்கள் எலி கரம்பிய தேங்காய்ச் சொட்டுப் போல ஆகிவிட்டிருந்தன. வண்டிக்காரர் நொக்கிங் (சூட்டில் எரிபொருள் கலவை தானாகவே வெடிப்பது) சத்தமே கேட்கவில்லை என்றார். நம்பலாம், ரோட்டரி அப்படித்தான், பல தடவை முன்னறிவிப்புத் தராது. புகைவால்வு என்ற சூடான புள்ளி இல்லாததால் ரோட்டரி நொக்கிங்கைத் தாங்கும் என்று கட்டுரை சொல்வதில் பாதி சரி. நொக்கிங் எளிதில் வராது என்பதே அதன் பொருள். வந்தபின் பிஸ்டன் எஞ்சின் பொறுப்பதைக்கூட இது பொறுக்காது.

உயரத்துக்குப் போனால் இன்னொரு சிக்கல் உண்டு, அதைக் கட்டுரை தொடவே இல்லை. கார் டர்போவின் பூஸ்ட் அளவி வெளிக்காற்றை 0 என்று வைத்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் காட்டும். 10,000 அடியில் வெளி அமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதில் 69 சதவீதம்தான். அங்கே எஞ்சினுக்குக் காற்றுப் போகும் மனிபோல்ட் குழாயில் கடல்மட்ட அமுக்கத்தைக் காப்பாற்றவே டர்போ காற்றை 1.45 மடங்கு நெருக்க வேண்டும். தரையில் ஆறரை இறாத்தலுக்கு உழைப்பதும் இதுவும் டர்போவுக்கு ஒன்றே. எஞ்சினோ தரையில் டர்போ இல்லாமல் ஓடும்போது பெறும் அமுக்கத்தையே பெறுகிறது. அதனால் விமானத்தில் தனி அமுக்கத்தை, அதாவது வெளிக்காற்றையும் சேர்த்த முழு அமுக்கத்தை, காட்டும் அளவிதான் வேண்டும். என் எண்ணம் இதுதான்: டர்போவை உயரத்தில் இழந்ததை ஈடுசெய்ய வையுங்கள், தரையில் கிளம்பும் சில நிமிடங்களுக்கு நாலைந்து இறாத்தல் போதும். கார் பூஸ்ட்டில் ஓடுவது விநாடிக் கணக்கில். விமானமோ முக்கால் வலுவில் மணிக்கணக்காகப் போகும், 900 பாகையை ஒட்டிய ரோட்டரிப் புகையை டர்போவின் வார்ப்பு அவ்வளவு நேரமும் தாங்கியாக வேண்டும்.

போர்க்கால விமானங்கள் குறைந்த நெருக்கலும் கூடிய பூஸ்ட்டுமாகத்தானே பறந்தன என்ற கட்டுரையாளரின் வாதத்துக்குத் திருகோணமலைக்காரனாகப் பதில் சொல்ல வேண்டும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்களை எதிர்க்கச் சீனக்குடாவிலிருந்து கிளம்பிய பிரித்தானிய ஹரிக்கேன் போர் விமானங்களின் மெர்லின் எஞ்சினுக்கு விகிதம் 6 மட்டுமே, காற்றை ஊட்டியது பல்சக்கரத்தால் சுழலும் சுப்பர்சார்ஜர். சண்டையில் சில நிமிட உச்ச வலுதான் கேள்வி. எரிபொருள் எவ்வளவு போகிறது, எஞ்சின் எத்தனை மணித்தியாலம் இருக்கும் என்பவை அடுத்த கவலைகள். தன் பணத்தில் தன் குடும்பத்தை ஏற்றிப் பறப்பவருக்கு அந்த வரிசை தலைகீழ்.

கனடாவில் இரண்டு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கும் என் பெறாமகனுக்கும் 8.5 ரோட்டர் வாங்கச் சொல்லித்தான் அறிவுரை கிடைத்திருந்தது. “பெரியப்பா, இருக்கிற 9.0 ரோட்டரைக் கழற்றவா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தப் பணத்தில் பெரிய இன்டர்கூலர் ஒன்றும், அதற்குக் காற்று வர மூக்குப்பக்கத்தில் தனி வாசலும், இன்டர்கூலருக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு வெப்பமானியும் வைத்திருக்கிறார். ரோட்டர்களின் சூட்டை எடுத்துச்செல்வது ஒயில் என்பதால் ஒயில் கூலரையும் ஒரு அளவு பெரிதாக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்கு மட்டும் இன்னும் இடம் கிடைக்கவில்லை. கட்டுரையின் அடுத்த பகுதியில் ஒயில் கூலரை எங்கே, எந்தச் சரிவில் வைப்பது என்று கட்டுரையாளர் எழுதுவாரானால், கனடாவுக்கு நானே படம்பிடித்து அனுப்புவேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மோட்டார் மெக்கானிக்,
உப்புவெளி, திருகோணமலை.