கையொப்பத்துக்கு முன் ஒரு படம்: லிட்டில் லீக் நிர்வாகத்தினருக்குத் திறந்த மடல்

பென்சில்வேனியா மாநிலம் சவுத் வில்லியம்ஸ்போர்ட்டைத் தலைமையிடமாகக் கொண்ட லிட்டில் லீக் என்னும் சிறுவர் பேஸ்பால் அமைப்பின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். நான் நியூ ஜெர்சியில் வசிக்கும் தமிழ்க் குடும்பமொன்றின் தந்தை. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு, உங்கள் அமைப்பைச் சேர்ந்த உள்ளூர் லீக்கில் ஆடும் என் மகன்தான் பேஸ்பாலின் விதிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தான். அந்த ஆட்டத்தின் மீதும், அதை ஆடும் பிள்ளைகள் மீதும் உள்ள அக்கறையால் உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். 2001ஆம் ஆண்டு உங்கள் உலகத் தொடரில் நடந்ததை ஒரு குடும்பப் படமாக எடுத்து, ஒவ்வோர் ஆண்டும் பதிவு நாளன்று, பெற்றோர் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பாக, அவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் ஒன்றாகத் திரையிட வேண்டும்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கும் தமிழ் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அந்த ஆகஸ்டில், நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியிலிருந்து வந்த அணியில், டொமினிக்கன் குடியரசில் பிறந்த இடக்கைச் சிறுவன் ஒருவன் பிட்சராக, அதாவது பந்து வீசுபவனாக, இருந்தான். ஃபுளோரிடாவின் அபாப்கா அணிக்கு எதிராக அவன் வீசிய ஆட்டத்தில் எதிரணியினர் ஒருவர்கூட முதல் பேஸை எட்டவில்லை. ஆறு இன்னிங்ஸில் விழுந்த 18 அவுட்டுகளில் 16 ஸ்ட்ரைக் அவுட், அதாவது மட்டையாளர் பந்தை அடிக்க முடியாமலே ஆட்டமிழந்தவை. பெரியவர்களின் ஆட்டத்தில் பிட்சருக்கும் மட்டையாளருக்கும் இடையே 60 அடி 6 அங்குலம் இருக்கும். சிறுவர் ஆட்டத்தில் 46 அடிதான். அந்தக் குறுகிய தூரத்தில் அவன் பந்தைக் கண்டு தொடவே மற்றப் பிள்ளைகளால் முடியவில்லை. அணி மூன்றாம் இடம் பெற்று ஊர் திரும்பியதும் நியூயார்க் மேயர் வரவேற்பு அளித்துப் பாராட்டினார். சில நாள்களுக்குள் உண்மை வெளிவந்தது. 1989இல் பிறந்ததாகத் தந்தை சான்றிதழ் காட்டிய மகன் உண்மையில் 1987இல் பிறந்தவன். 12 வயதினருக்கான போட்டியில் 14 வயதில் ஆடியிருக்கிறான் என்று டொமினிக்கன் அதிகாரிகள் உறுதிப்படுத்தினார்கள். அணியின் வெற்றிகள் அனைத்தும் நீக்கப்பட்டன; தந்தைக்கும் அணியின் நிறுவனருக்கும் நீங்கள் தடை விதித்தீர்கள்.

அந்தச் சிறுவனின் பெயரை நான் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. பொய்யைக் காகிதத்தில் ஏற்றியவர்கள் பெரியவர்கள். ஆனால் உலகம் நினைவில் வைத்திருப்பது பையனின் பெயரைத்தான்; தந்தையின் பெயரைச் சொல்லக் கூடியவர்கள் மிகச் சிலரே. அவனுடன் ஆடிய மற்றப் பையன்கள், தங்கள் வயதை ஒளிக்காதவர்கள், அவர்களும் தங்கள் மூன்றாம் இடத்தை இழந்தார்கள். 1992இல் பிலிப்பைன்ஸின் ஸாம்போவாங்கா நகர அணியிடமிருந்து பட்டம் பறிக்கப்பட்டபோதும், 2014இல் அமெரிக்கப் பட்டத்தை வென்ற சிகாகோவின் ஜாக்கி ராபின்சன் வெஸ்ட் அணி, எந்தப் பகுதிப் பிள்ளைகள் அணியில் ஆடலாம் என்று காட்டும் எல்லை வரைபடத்தில் செய்த திருத்தத்தால் அடுத்த பிப்ரவரியில் அதை இழந்தபோதும் இதுவேதான் நடந்தது. வரைபடத்தைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளா திருத்தினார்கள்? விதி மீறப்பட்டால் பட்டத்தைத் திரும்பப் பெறுவது முறைதான், அதை நான் குறை சொல்லவில்லை. தண்டனை யார் தலையில் விழும் என்பதைத் தந்தையர் முன்கூட்டியே கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

சிறுவர் பேஸ்பாலைப் பற்றிக் குடும்பத்தோடு பார்க்கத்தக்க படங்கள் அமெரிக்காவில் நிறைய உண்டு. என் மகனோடு அமர்ந்து பலவற்றைப் பார்த்திருக்கிறேன், சிலவற்றில் கண் கலங்கியும் இருக்கிறேன். எனினும் அவற்றில் பெரும்பாலானவற்றின் போக்கு ஒன்றுதான். தந்தைக்கும் மகனுக்கும் இடையில் ஒரு பிணக்கு இருக்கும். கடைசி இன்னிங்ஸில் விழும் ஓர் அடி அதைத் தீர்த்துவிடும். நேர்மை அங்கே எப்போதும் மைதானத்தின் நடுவில், எல்லாரும் பார்க்க, இசையோடு வருகிறது. உண்மை வாழ்க்கையில் அது பதிவு மேசையில், பிறப்புச் சான்றிதழும் முகவரிச் சான்றுகளும் அடுக்கிய உறைக்குள் அல்லவா இருக்கிறது? பக்கத்து ஊர் அணி வலுவானது என்பதால் உறவினர் வீட்டு முகவரியைக் கொடுக்கும் தந்தை, வரிசையில் தன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மகன் அதைப் படிக்கிறான் என்பதை மறந்துவிடுகிறார். அந்த இடத்தைக் காட்டும் படம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

வயதும் முகவரியும் மட்டுமே இதில் அடங்கவில்லை. 11, 12 வயதுப் பிட்சர் ஒரு நாளில் 85 பந்துகளுக்கு மேல் வீசக் கூடாது, 66 அல்லது அதற்கு மேல் வீசினால் நான்கு நாள் ஓய்வு வேண்டும் என்று விதி வைத்திருக்கிறீர்கள். வளரும் வயதில் முழங்கை எலும்பின் வளர்ச்சித் தகடு இன்னும் மூடாதிருப்பதால், ஓய்வில்லாத வீச்சு அதைக் காயப்படுத்தும் என்பதே காரணம். நல்ல விதி, ஆனால் அது எண்ணுபவரின் வாய்மையை நம்பியிருக்கிறது. வார இறுதியில் அதே பையன் வேறொரு கிளப் அணிக்கு வீசிய பந்துகளைத் தந்தை சொன்னாலொழிய யாருக்குத் தெரியும்?

சென்ற பருவத்தில் எங்கள் ஊர் மைதானத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். வீசிக்கொண்டிருந்த பையனின் தந்தைதான் அணியின் மேனேஜர். ஒரு மட்டையாளர் ஆட்டமிழந்து அடுத்தவர் வருவதற்குள் இரு தரப்புக் கணக்கிலும் வேறுபாடு எழுந்தது. ஒரு நோட்டில் 86, மற்றதில் 79. அம்பயர் கேட்டதற்கு 79 என்று தந்தை உறுதியாகச் சொன்னார். பந்தைக் கையுறைக்குள் உருட்டிக்கொண்டு நின்ற மகன், அவர் முகத்தைப் பார்க்காமல், "எண்பத்தாறுதான், அப்பா. நானும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்" என்றான். அவர் சற்று நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு பந்தை வாங்கி வேறொரு பையனிடம் கொடுத்துவிட்டு, மகனின் முதுகில் கைவைத்து, ஆட்டக்காரர்கள் அமரும் டக்அவுட் வரை அழைத்துச் சென்றார். அவர் கெட்ட மனிதர் அல்லர்; வேலை முடிந்த களைப்போடு, ஊதியம் இல்லாமல், ஊர்ப் பிள்ளைகளுக்காக மாலைதோறும் மைதானத்துக்கு வருபவர். மகன் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை ஒரு கணம் அவர் கணக்கை மறைத்துவிட்டது. அவரைப் போன்றவர்களுக்காகத்தான் இந்தப் படம் வேண்டும் என்கிறேன்; திட்டமிட்டு ஏமாற்றுபவரை எந்தப் படமும் தடுக்காது.

படம் 2001இல் ஆடிய அந்த மகனின் பக்கத்திலிருந்து சொல்லப்பட வேண்டும். தந்தையை அரக்கனாகக் காட்ட வேண்டாம். ஏழ்மையிலிருந்து மகனை ஏற்றிவிட நினைத்த அவருடைய அன்பும், அந்த அன்பு பொய்ச் சான்றிதழில் போய் முடிந்த விதமும் இரண்டுமே அதில் இருக்கட்டும். அந்தச் சிறுவன் இன்று நடுவயதை நெருங்கும் மனிதர். அவருடைய இசைவைக் கேட்காமல் எதுவும் செய்யலாகாது. அவர் விரும்பாவிட்டால் பெயரையும் ஊரையும் மாற்றிக் கற்பனைக் கதையாகவே எடுக்கலாம். அணியில் இருந்த மற்றப் பையன்களுக்கும் ஓர் இடம் கொடுங்கள். அவர்கள் பட்ட ஏமாற்றத்தை இதுவரை யாரும் பெரிதாகப் பேசியதில்லை.

அரை மணி நேரப் படம் போதும். 1939இல் தம் குடும்பத்துச் சிறுவர்களுக்காக கார்ல் ஸ்டாட்ஸ் தொடங்கிய இந்த அமைப்பு இன்றும் தன்னார்வலர்களின் உழைப்பில்தான் நடக்கிறது. அவர்களில் பலர் தங்கள் பிள்ளைகளுக்காகவே வருகிறார்கள். பயிற்சியாளர்களுக்குச் சிறார் பாதுகாப்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கியுள்ள உங்களுக்கு, பதிவு நாளில் இதையும் சேர்ப்பது கடினமாக இராது. பெற்றோரை மட்டும் தனி அறையில் அமர்த்திப் போட்டுக் காட்டினால் பயன் பாதியாகிவிடும். மகனோ மகளோ பக்கத்து நாற்காலியில் இருக்க வேண்டும். வரும் வசந்தப் பருவத்தில் சில மாவட்டங்களிலாவது இதைச் சோதித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஊரில் நாற்காலி போடுவது முதல் திரை கட்டுவது வரையான வேலைகளை ஏற்க நானும் வேறு சில பெற்றோரும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
லிட்டில் லீக் ஆட்டக்காரன் ஒருவனின் தந்தை,
நியூ ஜெர்சி