மார்கழியில் இல்லை, ஆடியில் வாறம்

பிள்ளை,

ஞாயிற்றுக்கிழமை நீ ரெலிபோனில் கேட்டதற்கு அம்மா "பாப்பம், பாப்பம்" என்று சொல்லி வைத்துவிட்டா. அது மறுமொழி இல்லை என்று உனக்கும் தெரியும். மார்கழியில் மெல்பேர்ணுக்கு வாங்கோ, மூன்று மாதம் நின்று வெயிலைக் காயுங்கோ, அந்த இரும்புப் பெட்டிப் போட்டுக்குள் கிடந்து நடுங்கி என்ன காணப்போறீங்கள் என்று நீ கேட்டது நியாயம்தான். எனக்கும் 68 வயது. ஆனால் ரிக்கெற் போட முதல் நான் சொல்வதைக் கேள். ரெலிபோனில் சொன்னால் பாதியில் மறித்துவிடுவாய், அதுதான் எழுதுகிறேன்.

இப்போது எங்கட வீடான போட்டோடு இங்கிலாந்தில் மாஸ்வர்த்தில் நிற்கிறோம், ட்ரிங் பக்கம், கிராண்ட் யூனியன் கால்வாயில். பின்னேரம் நாலேகாலுக்கே இருட்டு. போன கிழமை பேர்க்கம்ஸ்டெட்டில் இருந்து ஏறி, ட்ரிங் மேட்டை வெட்டிக் கால்வாய் போகும் இடம் இருக்கிறதே, இரண்டு பக்கமும் மரம் கவிந்து சுரங்கம் மாதிரி, அதற்குள்ளால் வந்து, பிறகு ஏழு லொக், அதுதான் போட்டைத் தண்ணீரோடு ஏற்றி இறக்குகிற கதவுத் தொட்டிகள், இறங்கி இங்கே கட்டினோம். இலையுதிர்காலம் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படத்தில்தான் பார்த்தேன். இப்போது அது எஞ்சினில் தெரிகிறது. தண்ணீர் முழுக்க இலைக் கஞ்சி. புறொப்பெல்லரில் சுற்றிச் சுற்றி ஒரு பெரிய உருண்டையாகி, போட் முனகிக்கொண்டு நிற்கும். ஒருதரம் பின்னுக்கு உறுமவிட்டால் உதறிவிட்டுப் பிறகு ஓடும், ஐந்து நிமிடத்தில் திரும்பவும் அதே கதை. மனிதன் நடக்கிற வேகத்தில் போகிற வாகனம், அதுவும் இப்படி. அன்றைக்கு எத்தனை தரம் உறுமினோம் என்று எண்ணவில்லை, அம்மா எண்ணியிருப்பா.

லண்டனில் ஹரோ வீட்டில் 27 வருடம் இருந்தோம். அந்த 27 வருடத்தில் எனக்குத் தெரிந்த பருவம் இரண்டுதான்: ஹீற்றிங் போடும் காலம், போடாத காலம். வீட்டுக்குப் பின்னால் என்ன மரம் நின்றது என்று இப்போது கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. வேலை, கார், வேலை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, உன்னைப் படிப்பித்தது அந்த வேலைதான்.

இங்கே வந்த பிறகுதான் ஒன்று விளங்கியது. எங்கட ஆக்கள் வருடத்தை ஆறாகப் பிரித்தார்கள்: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஊரில் இருக்கும்போது பனிக்கு எதற்கு இரண்டு காலம் என்று யோசித்திருக்கிறேன். வெள்ளைக்காரர் குளிர்காலத்தை ஒன்றாகவே சொல்கிறார்கள், ஆனால் கால்வாயில் அது இரண்டுதான். மார்கழி, தையில் வருவது காய்ந்த குளிர். விடிய எழும்பினால் யன்னலின் உள்பக்கத்திலேயே பனிப்பூ, கயிறு தடி மாதிரி விறைத்திருக்கும். ஸ்கண்டிநேவியாவில் இருந்து வந்த ரெட்விங் குருவிகள் வேலியில் சிவப்புப் பழம் கொத்தும். மாசி, பங்குனிக் குளிர் வேறு சாதி. ஈரமும் சேறுமாக எலும்புக்குள் போகும். ஆனால் பகல் நீளத் தொடங்கிவிடும். அந்தச் சேற்றுக்குள் நின்றுகொண்டு பார்த்தால் பிளாக்தோர்ன் செடி இலை வர முதலே வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். அது பூத்த பிறகும் ஒரு குளிர் திரும்பி வரும், அதற்குப் 'பிளாக்தோர்ன் குளிர்' என்றே இங்கே பெயர் இருக்கிறது. பின்பனி என்று சொல்லிவைத்த ஆள் இதைக் கண்டிருந்தால் தலையாட்டியிருப்பார்.

நீ கேட்கிற மூன்று மாதம் இந்த முன்பனி முழுவதையும் பின்பனியில் பாதியையும் சாப்பிட்டுவிடும்.

அப்புறம் தண்ணீர்க் கதை. பக்கத்திலேயே பெரிய குளங்கள் இருக்கின்றன, சும்மா அழகுக்கு இல்லை. 1802 தொடக்கம் கட்டினது. இந்தக் கால்வாய் சில்ரேர்ண் குன்றுக்கு மேலால் போகிறது. எந்தப் பக்கத்தால் போட் இறங்கினாலும் ஒவ்வொரு தரமும் மேல்மட்டத்தில் இருந்து ஒரு லொக் தண்ணீர் கீழே போகும், ஏறக்குறைய இரண்டரை லட்சம் லீற்றர். அதைத் திரும்பக் கொடுக்கத்தான் குளம். இந்த 2025 இல் வசந்தமும் கோடையும் காய்ந்து, நாட்டில் பல கால்வாய்களை மாதக்கணக்கில் மூடிவைத்தார்கள், உனக்கு நான் சொன்னது நினைவிருக்கும். இப்போது மழை பெய்கிறது. ஹரோவில் மழை என்றால் எரிச்சல். இங்கே இரவு தகரக் கூரையில் கொட்டுகிற சத்தத்தைக் கேட்டு நான் படுத்துக்கொண்டே குளம் எவ்வளவு ஏறியிருக்கும் என்று கணக்குப் போடுகிறேன். ஊரில் இதே கார்த்திகை, மார்கழியில்தான் மாரி மழைக்குக் கிணறு ஏறும், விடியப் போய்க் கிணற்றுக்கட்டில் கை ஊன்றி எட்டிப் பார்ப்போம். இங்கேயும் அதே மாதங்கள், அதே எட்டிப் பார்க்கிற வேலை. இதை விட்டிட்டு வந்து கடற்கரையில் ஐஸ்கிறீம் சாப்பிடச் சொல்கிறாய்.

இந்தக் குளங்களுக்கு இன்னொரு கதையும் இருக்கிறது. சின்ன உப்புக்கொத்தி ஒன்று, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம், இங்கிலாந்தில் முதன்முதல் குஞ்சு பொரித்தது 1938 இல் இங்கேதான். தண்ணீர் வற்றித் தெரிந்த சரளைக் கல்லில். காய்ந்த வருடத்தாலும் யாருக்கோ நன்மை.

மழைக்கும் பனிக்கும் எனக்குப் பயமில்லை, காற்றுக்குத்தான். 57 அடி நீளம், 7 அடிக்கும் குறைவான அகலம், அடி தட்டை, தண்ணீருக்குள் இருப்பது இரண்டு அடிதான். மரம் இல்லாத வெளியில் பக்கக்காற்று அடித்தால் முழுப் போட்டும் பாய்மரம் ஆகிவிடும். அப்பப்பா காற்றை வைத்துத்தான் மாதம் சொல்லுவார்: சோளகம், வாடை, கொண்டல், கச்சான். அதை நான் கிழவன் பேச்சு என்று விட்டிருந்தேன். இப்போது விடிய எழும்பினவுடன் புகைபோக்கிப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கிறேன், தேத்தண்ணி பிறகுதான்.

உனக்கு ஒன்று சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். போன தை மாதம் லொக் கதவுக்கு மேலால் நடந்து கடக்கும்போது உறைபனியில் வழுக்கி விழுந்தேன். நல்லகாலம் கரைப் பக்கம் விழுந்தேன், இடுப்பில் கண்டல் மட்டும். இரண்டு கிழமை புரண்டு படுக்க ஏலாது. அம்மா சொல்லச் சொன்னா, நான்தான் மறைத்தேன். அன்றில் இருந்து உறைபனி நாளில் கதவால் கடப்பதில்லை, பாலத்தால் சுற்றித்தான் போகிறேன். புகை வாயு அலாரம் இரண்டு இருக்கிறது, இரண்டையும் கிழமைக்கு ஒருதரம் அமத்திப் பார்க்கிறேன். அதனால் அந்தப் பேச்சை இத்துடன் விடு.

தண்ணீர் உறைந்தால் என்ன நடக்கும் தெரியுமோ? ஒன்றும் நடக்காது. அதுதான் விசேஷம். முதல் வருடம் மெல்லிய ஐஸ்தானே என்று எஞ்சினைப் போட்டுக் கிளம்பினேன், கண்ணாடி உடைகிற சத்தம், உடைந்த துண்டுகள் கத்தி மாதிரிப் பக்கத்துப் போட்டின் கறுப்புப் பூச்சைச் சுரண்டிக்கொண்டு போயின. அந்த மனிசன் உடுப்பு மாற்றாமல் வெளியே வந்து பேசின பேச்சு, நல்லவேளை எனக்கு எல்லாம் விளங்கவில்லை. அதில் இருந்து ஐஸ் என்றால் அசைவதில்லை. 1962 மார்கழிக் கடைசியில் தொடங்கின குளிர் 1963 பங்குனி வரை விடவில்லை. நிலக்கரி ஏற்றின போட்கள் கிழமைக்கணக்காக ஐஸில் இறுகி நின்றன, சரக்கு லொறிக்கும் ரயிலுக்கும் போனது, போனது திரும்பவில்லை. நூற்றைம்பது வருடத்துக்கு மேல் நடந்த தொழில் ஒரு குளிரில் சரிந்தது. முதலே நொந்திருந்த தொழில்தான் என்றாலும் முடித்தது அந்தப் பனிதான். மீன்கொத்திகளும் அந்த வருடம் ஏராளம் செத்தனவாம். இப்போது உறைந்த நாளில் லொக் கதவுக்குக் கீழே போய்ப் பார்த்தால், கதவு ஒழுகுகிற இடத்தில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்குத் தண்ணீர் திறந்திருக்கும், அங்கே ஒன்று குந்திக்கொண்டிருக்கும், நீலமாக. போன வருடம் அதற்காக அரை மணித்தியாலம் நின்று காது மரத்துப்போச்சு.

உள்ளே குளிர் என்று நீ நினைப்பது பிழை. கரியடுப்பு இரவும் பகலும் எரிகிறது, படுக்க முதல் காற்றை அடைத்துவிட்டால் விடியவும் தணல் இருக்கும். உன் மெல்பேர்ண் வீட்டை விடச் சூடு, அதை அம்மாவிடம் கேள், அங்கே போர்வையைச் சுற்றிக்கொண்டு திரிந்தவ அவதான். பிரச்சினை ஈரம். அம்மா புட்டு அவித்தால் அந்த ஆவி முழுக்க யன்னலில் வந்து நிற்கும், என் பழைய பனியனால் துடைக்கிறோம். புட்டை விடமாட்டா. சோலர் இப்போது பெயருக்குத்தான், மார்கழியில் பகல் எட்டு மணித்தியாலமும் இல்லை, பற்றறிக்காக எஞ்சினை நாளுக்கு இரண்டு மணித்தியாலம் போடவேண்டும், இரவு எட்டுக்குப் பிறகு போடக்கூடாது. விளக்கீட்டுக்குக் கூரையில் வரிசையாகச் சிட்டி விளக்கு வைக்கப்போகிறா, போன வருடம் கரைப்பாதையில் நாயோடு வந்த சனம் எல்லாம் நின்று பார்த்தது.

மாசி நடுவில் இந்தக் குளத்தில் கொண்டை முக்குளிப்பான் சோடி ஆடும். எதிரெதிரே வந்து, தலையை ஆட்டி ஆட்டி, முங்கிப் போய் வாயில் பாசியோடு எழும்பி, நெஞ்சோடு நெஞ்சு நிமிர்ந்து தண்ணீரில் நிற்கும். போன வருடம் நாங்கள் 14 நாள் முடிந்து வேறு இடம் போய்விட்டோம். நிரந்தர இடம் எடுக்காதவர்கள் 14 நாளுக்கு மேல் ஓரிடத்தில் நிற்கக்கூடாது, சட்டம். இந்த முறை திட்டம் போட்டு அந்த நேரத்துக்குத் திரும்பி வருகிறேன்.

இப்போது ஆடி மாதத்தைச் சொல்கிறேன். வெளியில் இருந்து பார்க்கிறவர்கள் கோடைதான் திறம் என்பார்கள். சித்திரை, வைகாசி திறம், மறுக்கவில்லை: தகைவிலான் வரும், ஹோதோர்ன் பூக்கும், ஒவ்வொரு வளைவிலும் வாத்துக்குஞ்சு. ஆடியில் என்ன இருக்கிறது? எல்லாம் ஒரே பச்சை. பறவை பாட்டை விட்டுவிடும். ஆண் வாத்து நிறம் உதிர்ந்து பெண் வாத்து மாதிரித் திரியும். கரையில் இடுப்பளவு காஞ்சோன்றி. வாடகைப் போட்கள் ஒவ்வொரு லொக்கிலும் வரிசை, விடுமுறைக்கு வந்தவர்கள் பாவம், கைபிடியை எங்கே போடுவது என்றும் தெரியாது. இந்த இரும்பு வெயிலில் காய்ந்து புட்டுப்பானை ஆகிவிடும். பின்னேரம் தண்ணீரை உரசிக்கொண்டு பூச்சி பிடிக்கிற வௌவால்களை மட்டும் தவறவிடுவோம், அது எனக்குக் கவலைதான், பரவாயில்லை.

உனக்கு ஆடி குளிர்காலம். எங்களுக்கு அது ஒரு குளிரே இல்லை. ஆடி முதல் கிழமைக்குப் போடு, ஆறு கிழமை நிற்கிறோம். அம்மாவுக்கு நடைபாதைப் பக்கச் சீற், முழங்கால் நீட்டவேண்டும். போட்டை விட்டு வர ஒரு மரீனாவில் விலை கேட்டிருக்கிறேன்.

சின்னவன் அன்னக்குஞ்சுக் கணக்குக் கேட்டவன். வைகாசியில் ஏழு, இப்போது நாலு. உடம்பு தாய் அளவுக்கு வந்துவிட்டது, சாம்பல் நிறம் இன்னும் முழுக்கப் போகவில்லை. தகப்பன் செட்டையை விரித்துக்கொண்டு துரத்தத் தொடங்கிவிட்டுது, அதுகள் கொஞ்சத் தூரம் போய்விட்டுத் திரும்பி வருதுகள். மற்ற மூன்றும் எங்கே என்று கேட்டால் நரி என்று சொல்லிப்போடாதே, ஆடியில் வந்து நான் கதைக்கிறேன்.

அப்பா