மண்பாண்டக் கலைஞர் சங்கம், புதுச்சேரி வட்டாரம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். குழுக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. சூளையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் ஊரில் இரண்டு நெருப்பு எரிகிறது. ஒன்று, புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர்ச் சுடுமண். மற்றொன்று, 1971இல் அமெரிக்கக் கலைஞர்களான ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற தொழிற்கூடம் வழியாக வேரூன்றிய ஸ்டோன்வேர், அதாவது அதிக வெப்பத்தில் சுட்டுக் கல்போல் இறுகும் மண்பாண்டம். ஸ்மித் ஜப்பானின் பிசென் ஊரில் தொழில் பயின்றவர். அதனால் வெளிநாட்டுக் கலைஞர்கள் வருவதும் நமக்குப் புதிதல்ல. அய்யனார் குதிரைக்கு ஸ்டோன்வேர் கிளேஸ் (உருகிக் கண்ணாடிபோல் படியும் பூச்சு) பூசிச் சுட முடியுமா என்று அவர்கள் கேட்பதும் புதிதல்ல. முடியாது. அந்தக் கிளேஸ் உருக 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். நம் வண்டல் மண்ணில் இரும்பு அதிகம். 1,100ஐத் தாண்டினாலே உப்பி, வளைந்து, உட்கார்ந்துவிடும்.

இவ்வாண்டுப் பயிற்சியில் செய்த ஐந்தடிக் குதிரைக்கு நாலு கூடை மண்ணுக்கு ஒரு கூடை மணல், ஒரு கூடை உமி என்று மிதித்தோம். மணல் சுருக்கத்தைக் குறைக்கும். உமி எரிந்து போன இடம் நீராவிக்கு வழியாகும். முதலில் நான்கு கால்கள், உள்ளே பொள்ளலாக. அவை எடையைத் தாங்குமளவு இறுகிய பிறகே வயிறு. சுவர் எங்கும் இரண்டு முதல் இரண்டரை சென்டிமீட்டர். வயிற்றின் அடியிலும் வாயிலும் துளை விட மறக்கக்கூடாது.

அந்தக் குதிரையின் ஒரு கால் ஒட்டில் விரிசல் விட்டது. சூளையின் மேல் பழி போடுவதற்கில்லை. கடற்காற்றுப் பட்ட பக்கம் முன்னதாகக் காய்ந்திருக்க, ஈர வயிற்றை அதன் மேல் ஒட்டினோம். ஒன்று சுருங்கி முடித்த பின் மற்றது சுருங்கினால் ஒட்டு பிளக்கும். ஈரச் சாக்கைப் போர்த்தி இரண்டையும் ஒரே பதத்துக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும்.

சிறிய உருக்கள் சிலவற்றில் சுட்டுப் பத்து நாள் கழித்து வெள்ளைப் புள்ளியோடு சில்லு தெறித்தது. மண்ணிலிருந்த சுண்ணாம்புக்கல் நெருப்பில் நீறாகி, பிறகு காற்றின் ஈரத்தை இழுத்து ஊதிய வேலை அது. இனி மண்ணைக் கரைத்துச் சல்லடையில் வடித்த பின்பே மிதிக்க வேண்டும்.

சுடும்போது முதல் ஆறு மணி நேரம் வறட்டிப் புகை மட்டும் போதும். புகைத்துளை எதிரே எவர்சில்வர் தட்டைப் பிடியுங்கள். பனி படிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, விறகு வைக்காதீர்கள். ஆறும்போது 573 டிகிரி அருகே மணலிலுள்ள குவார்ட்ஸ் என்ற படிகம் திடீரெனச் சுருங்கும். ஆர்வத்தில் அன்றிரவே மண் மூடாக்கைப் பிரித்தவர்கள் உரு விரிசல் விடும் ‘டிங்’ என்ற சத்தத்தைக் கேட்டிருப்பார்கள்.

சாம்பல் கிளேஸ் வகுப்பில் சவுக்குச் சாம்பலை மூன்று முறை ஊறவைத்துத் தெளிநீரை இறுத்தோம். அந்த நீர் காரம், கையுறை கட்டாயம். சாம்பல் இரண்டு பங்கு, ஃபெல்ட்ஸ்பார் என்ற கல்லின் பொடி இரண்டு, களிமண் ஒன்று. அங்குலத்துக்கு 80 கண் உள்ள சல்லடையில் வடித்தோம். பாத்திரத்தின் அடியைத் துடைக்காமல் விட்டால் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது பெயர் பற்றிய தீர்மானம். 1920இல் ஆங்கிலேயக் கலைஞர் பெர்னார்ட் லீச்சும் ஜப்பானியக் கலைஞர் ஹமாடா ஷோஜியும் இங்கிலாந்தின் செயிண்ட் ஐவ்ஸில் தொழிற்கூடம் அமைத்தது முதல், கலைஞர் தம் கூடத்தில் கையால் வனையும் ஸ்டோன்வேரின் உலக இயக்கம் வளர்ந்தது. 1919இல் ஜப்பான் சென்ற டெல்லி மண்பாண்டக் கலைஞர் குர்சரண் சிங்கும் அந்த வட்டத்தோடு பழகியவர். ஜப்பானியச் சிந்தனையாளர் யனாகி சோயெட்சு அந்த இயக்கத்துக்குத் தந்த கொள்கை, பெயர் தெரியாத கைவினைஞரின் அழகு. நல்ல கொள்கைதான். ஆனால் ஜப்பான் திரும்பிய பின் ஹமாடா பானையில் முத்திரை இடாவிட்டாலும் அதன் மரப்பெட்டியில் கையெழுத்திட்டார். வாங்கியவருக்கு யார் செய்தது என்று தெரியும். நம் குதிரை கண்காட்சிக்குப் போனால் ‘நாட்டுப்புறக் கலை, தென்னிந்தியா’ என்ற அட்டையோடு முடிகிறது. பெட்டியும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

ஆகவே இனி வெளியே போகும் ஒவ்வோர் உருவிலும் செய்தவர் பெயர், ஊர், ஆண்டு பதிந்த முத்திரை இருக்க வேண்டும் என்று குழு முன்மொழிகிறது. குதிரையானால் பின்னங்காலின் உட்புறத்தில், மண் பாதி இறுகிய பதத்தில், பின்னால் கையை அணை கொடுத்து அழுத்துங்கள். முற்றக் காய்ந்த பின் அழுத்தினால் அங்கிருந்துதான் விரிசல் ஓடும். சுட்ட மண்ணிலேயே முத்திரைக்கட்டை செய்து வைத்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் பெற்றுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
செயலாளர்