'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்': இசைப் பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

ராக் இசைத்தொகுப்புகளுக்கு நட்சத்திரம் இடுவதோடு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தலைசிறந்த தொகுப்புகளின் பட்டியலும் வெளியிடுகிறவர்கள் நீங்கள். டாக் டாக் என்ற ஆங்கிலேய இசைக்குழு 1988 செப்டம்பரில் வெளியிட்ட 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' பற்றி உங்களுக்கு எழுதுகிறேன். அதைப் புகழுங்கள் என்று கேட்பதற்கல்ல. புகழுக்கு இப்போது குறைவில்லை. புகழும்போது நீங்கள் கூடவே சொல்லும் கதை பிழையானது என்பதே என் முறையீடு.

அந்தக் கதை வாசகர்களுக்கு மனப்பாடமாகிவிட்டது. மேதை ஒருவர் காலத்தை முந்திச் சென்றார், விமர்சகர்கள் அவரைத் தூற்றினார்கள், பிறகு உலகம் கண் விழித்தது என்று அது போகும். நடந்தது இவ்வளவு சீரானதல்ல. தொகுப்பு பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 19ஆம் இடம் வரை வந்தது. வெளியான நாட்களிலேயே அதை மனமாரப் பாராட்டியவர்கள் இருந்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் குழம்பியவர்களும், வெறும் பாசாங்கு என்று ஒதுக்கியவர்களும் இருந்தார்கள். 'அன்று யாருக்கும் புரியவில்லை' என்று நீங்கள் எழுதும்போது, அன்றே புரிந்துகொண்டு எழுதியவர்களின் உழைப்பு காணாமல் போகிறது. இன்று கேட்கும் நமக்கு மட்டும் நல்ல காது வாய்த்திருக்கிறது என்ற இதமான எண்ணம் மிஞ்சுகிறது.

உண்மையில் திகைத்து நின்றது, குழுவின் தொகுப்புகளை வெளியிட்டுவந்த இ.எம்.ஐ. நிறுவனம். 1982இல் டுரான் டுரான் குழுவின் கச்சேரிகளில் அவர்களுக்கு முன்னால் மேடையேறிய, சின்த்பாப் எனப்படும் மின்னணு பாப் இசை வாசித்த குழு இது. 1986இல் வந்த 'தி கலர் ஆஃப் ஸ்பிரிங்' நன்றாக விற்றதால், அடுத்த தொகுப்புக்குப் பணமும் காலமும் தாராளமாகக் கிடைத்தன. குழுவின் பாடகர் மார்க் ஹாலிஸும் தயாரிப்பாளர் டிம் ஃபிரீஸ்-கிரீனும் லண்டனின் வெசெக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஏறக்குறைய ஓராண்டைச் செலவிட்டுக் கொண்டுவந்து கொடுத்ததோ, வானொலிக்கு எடுத்துக்கொடுக்க ஒரு பாட்டுகூட எளிதில் சிக்காத ஆறு உருப்படிகள். ஒப்பந்தத்தை நீட்டிக்கும் உரிமையை நிறுவனம் உரிய காலத்துக்குள் பயன்படுத்தியதா என்ற வழக்கு மேல்முறையீடு வரை போய்க் குழுவுக்குச் சாதகமாக முடிந்தது. 1991இல் நிறுவனம் பழைய பாடல்களை மறுகலவை செய்து ஒரு தொகுப்பாக வெளியிட்டபோது குழு மீண்டும் வழக்குத் தொடுத்து வென்றது. இந்த மோதலைத்தான் நீங்கள் விமர்சகர்களின் கணக்கிலும் சேர்த்து எழுதிவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

எதிர்த்து எழுதியவர்களையும் நான் எளிதில் குறை சொல்லமாட்டேன். முதல் முறை கேட்டபோது நானும் பாதியில் நிறுத்தியவன். தொடக்கப் பாடலில் ஹென்றி லோதரின் டிரம்பெட் எங்கோ தொலைவில் முனகுகிறது. நரம்பிசை மெல்லப் படர்கிறது. குரல் வருவதற்குள் சில நிமிடங்கள் கழிகின்றன. வந்த பிறகும் ஹாலிஸ் சொற்களை வாய்க்குள்ளேயே கரைத்துவிடுகிறார். 'பாடுவது புரியவில்லை' என்று அன்று ஒருவர் எழுதியிருந்தால் அது பொய்க்குற்றச்சாட்டு அல்ல. அதற்கு விடை சொல்லவேண்டுமே தவிர, காலம் தீர்ப்பளித்துவிட்டது என்று வாயை அடைக்கக்கூடாது.

என்னிடம் உள்ள விடை, அது செய்யப்பட்ட முறையில் இருக்கிறது. ஒலிப்பொறியாளர் ஃபில் பிரவுன் நினைவுகூர்ந்திருப்பதன்படி, விளக்குகளை அணைத்து, எண்ணெய் வண்ணங்கள் சுழலும் ஒளிக்காட்டியும் மின்னும் விளக்கும் மட்டுமே இருந்த இருட்டில் இசைக்கலைஞர்கள் வாசித்தார்கள். வயலினுக்கு நைஜல் கென்னடி, டபுள் பேஸுக்கு டேனி தாம்சன், ஹார்மோனிகாவுக்கு மார்க் ஃபெல்தம் என்று வந்தவர்கள் எழுதிவைத்த குறிப்பு இல்லாமல் மணிக்கணக்கில் வாசித்ததில் பெரும்பகுதி வெட்டி எறியப்பட்டது. தப்பிய சில நொடித் துணுக்குகளைக் கோத்துத்தான் பாடல்கள் உருவாயின. கலைஞர்கள் சேர்ந்து உட்கார்ந்து ஒரே வீச்சில் வாசித்தது போலக் கேட்பது, பொறுமையாக ஒட்டப்பட்ட ஒன்று. 'டிசையர்' அடங்கிக் கிடந்து திடீரென வெடிப்பதும், ஹெராயினைப் பற்றிய 'ஐ பிலீவ் இன் யூ'வில் தேவாலயப் பாடகர் குழுவின் குரல்கள் எழுந்து படர்வதும், சுற்றியுள்ள மௌனம் அவ்வளவு கவனமாகச் செதுக்கப்பட்டதால்தான் நம்மைத் தொடுகின்றன. குரலும் அந்த இடத்தில் ஒரு வாத்தியம். சொற்கள் தெளிவாக இருந்திருந்தால் காது அவற்றின் பின்னால் ஓடியிருக்கும். மற்றதெல்லாம் பின்னணியாகிப் போயிருக்கும். இதை மேடையில் திரும்ப நிகழ்த்த முடியாது என்பதை ஹாலிஸ் அறிந்திருந்தார். குழு 1986க்குப் பிறகு கச்சேரி செய்யவே இல்லை.

இன்னொரு குறையும் உண்டு. 1994இல் விமர்சகர் சைமன் ரெனால்ட்ஸ், பார்க் சைக்கோசிஸ் குழுவின் தொகுப்பைப் பற்றி எழுதும்போது, ராக் கருவிகளை ராக் அல்லாத நோக்கங்களுக்குப் பயன்படுத்தும் இசையைக் குறிக்கக் கையாண்ட 'போஸ்ட்-ராக்' என்ற சொல்லை நீங்கள் பின்னோக்கி இழுத்து வந்து இதன் நெற்றியில் ஒட்டினீர்கள். அன்றிலிருந்து இது முன்னோடி. முன்னோடி என்றதும் பின்னால் வந்தவர்களின் பெயர்ப்பட்டியல் தொடங்கிவிடுகிறது; நாற்பத்தொரு நிமிட இசையைப் பற்றிப் பேச இரண்டு வரிதான் எஞ்சுகிறது. ஹாலிஸ் 2019 பிப்ரவரியில் மறைந்தபோது வந்த அஞ்சலிகளிலும் பேரன்மாரின் பெயர்களே மிகுதியாக இருந்தன, தாத்தா என்ன வாசித்தார் என்பது அரிதாகவே இருந்தது.

2028இல் தொகுப்புக்கு நாற்பது ஆண்டு நிறைகிறது. சிறப்புப் பக்கங்கள் வெளியிடுவீர்கள். உங்கள் இதழ் 1988இல் இருந்திருந்தால், அன்று அச்சான மதிப்புரையை, அது வசையாகவே இருந்தாலும், ஒரு சொல்லும் திருத்தாமல் அதே பக்கத்தில் போடுங்கள். அதன் பக்கத்தில் வரும் புதிய கட்டுரையை, முதல் மூன்று பாடல்கள் இடைவெளியின்றி ஒன்றோடொன்று எப்படி இணைகின்றன என்பதை உட்கார்ந்து கேட்டு எழுதக்கூடிய ஒருவரிடம் ஒப்படையுங்கள். நட்சத்திரம் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பட்டியல்களை நெடுநாளாக வாசித்துவரும் ஒரு ரசிகன்