சிவப்பு மூடியா, ஆரஞ்சு மூடியா?

ஆசிரியருக்கு,

குழந்தைகளின் சர்க்கரை நோய் என்றாலே இனிப்பைக் குறையுங்கள், ஓடி விளையாட விடுங்கள் என்று அறிவுரை சொல்லி முடித்துவிடுகிறார்கள். அதில் டைப் 2 என்ற வகைக்கு அது சரி. என் மகளுக்கு ஒன்பது வயதில் வந்தது டைப் 1. கணையத்தில் இன்சுலின் சுரப்பு நின்றுபோவதால் வருவது, மிட்டாய் தின்று வந்ததல்ல, ஊசி இல்லாமல் ஒருநாளும் ஓடாது.

டிஸ்சார்ஜ் அன்று எனக்கு மட்டும் பத்து நிமிடம் ஊசி போடக் காட்டி அனுப்பிவிட்டார்கள். ஆனால் மெடிக்கலுக்குப் போவது என் கணவர். ஒருமுறை வழக்கமான சிவப்பு மூடி சிரிஞ்ச் இல்லையென்று ஆரஞ்சு மூடி கொடுத்திருக்கிறார்கள், எல்லாம் ஊசிதானே என்று இவரும் வாங்கி வந்துவிட்டார். எங்கள் மருந்து ஒரு மில்லிக்கு 40 யூனிட், ஆரஞ்சு மூடியோ ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கானது. 10 என்ற கோடு வரை இழுத்து நான் போட்டதெல்லாம் நிஜத்தில் வெறும் 4 யூனிட்! சுகர் 400ஐத் தாண்டியது, நானோ பிள்ளை ஒளித்துவைத்து ஏதோ தின்கிறாள் என்று நாலு நாள் அவளைத் திட்டித் தீர்த்தேன். இப்போது நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

அப்புறம் மாமியார். காய்ச்சலில் பிள்ளை சாப்பிடவே இல்லை, இதில் ஊசி வேறயா என்பார். அந்த மாதிரி நாளில்தான் அடிக்கடி சுகர் பார்த்து, டாக்டரைக் கேட்டு அளவை மாற்ற வேண்டுமே தவிர அடியோடு நிறுத்தவே கூடாது, நிறுத்தினால் வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்கல் என்று ஐசியூவில் போய் நிற்கும். பள்ளியில் வேறு கதை. கை நடுங்கி வியர்க்கிறது, சுகர் 70க்குக் கீழே போகிறது என்றால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். "சுகர் பிள்ளைக்குச் சர்க்கரையா?" என்று கேட்ட டீச்சர்கள் உண்டு. இத்தனைக்கும் தேர்வறைக்கே மிட்டாய், பழம் கொண்டுபோகலாம் என்று சிபிஎஸ்இ 2017லேயே சொல்லிவிட்டது.

மகளுக்கு இப்போது பதின்மூன்று. குப்பியில் 40 என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சிரிஞ்சைத் தொடுவாள். டிஸ்சார்ஜுக்கு முன்னால் அப்பா, பாட்டி, பிள்ளை எல்லாரையும் உட்காரவைத்து, அவரவர் கையாலேயே மருந்தை இழுக்கச் சொல்லிப் பார்த்த பிறகுதான் மருத்துவமனைகள் அனுப்ப வேண்டும். நவம்பர் 14 குழந்தைகள் தினம், உலக நீரிழிவு தினமும் அதே நாள்தான். அன்று ஊர்வலமும் பலூனும் நடத்துகிறவர்கள், பக்கத்தில் ஒரு மேஜை போட்டு இந்த இரண்டு சிரிஞ்சையும் வைத்துக் காட்டுங்களேன்.

ஒரு தாய்,
திண்டுக்கல்