ஓரடிக்கு ஓரங்குலம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குழந்தைகள் இல்லம் ஒன்றுக்கு நிதி திரட்டும் ஏலத்துக்காக ஒரு குட்டி அறை செய்து கொடுத்தேன். ஓரடிக்கு ஓரங்குலம் என்று கணக்கு. ஆறடிக் கதவு ஆறங்குலமானது. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் எங்களுடையது. அந்தச் சாயல் மாறாத ஆச்சி வீட்டு ஊஞ்சல் அறையையே மாதிரியாக எடுத்துக்கொண்டேன். பலகைக்குத் தேக்குத் துண்டு, சங்கிலிக்கு அறுந்துபோன கவரிங் செயின். திரைத்துணிதான் படாதபாடு படுத்திவிட்டது. பட்டு விறைத்து நின்றது. அப்புறம் பழைய மல் வேட்டியை நனைத்து, மடிப்பு மடிப்பாகக் குண்டூசி குத்திக் காயவைத்த பிறகுதான் ஒழுங்காகத் தொங்கியது.

ஏலத்தில் அதைக் கடைப் பொம்மைகளோடு கலந்து வைத்துவிட்டார்கள். பக்கத்தில் ஒரு விவர அட்டைகூட இல்லை. சரி, என் பெயர் வேண்டாம். கூலியே வாங்காமல் மரம் இழைத்துத் தந்தாரே ஆசாரி அண்ணன், அவர் பெயரையாவது எழுதியிருக்கலாம். எதில், எப்படிச் செய்தது என்று தெரிந்தால் ஏலம் கேட்பவர் நூறு ரூபாயாவது கூட்டிக் கேட்பார். அந்தப் பணம் பிள்ளைகளுக்குத்தானே போகிறது? ஏலம் நடத்துகிறவர்கள் இனியாவது பொருளுக்கு ஓர் அட்டை எழுதி வையுங்கள்.

ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை,
செங்கோட்டை